செவலை வயித்துக் காந்தம்

எங்க வூட்டுக்காரருக்கு நூல் மேல நம்பிக்கை கெடையாது. நூலு அறுந்துடுமாம், கம்பிதான் நிக்குமாம். மோட்டாருக்குக் காயில் கட்டுற ஆளு. கையில எந்நேரமும் செப்புக்கம்பி இருக்கும், அதால வூட்டுல எது பிஞ்சாலும் கம்பிதான். என் செருப்பு வாரு, கேட்டு கொண்டி, துணி காயப்போடுற கொடி, எல்லாத்துலயும் கம்பி சுத்தி வெச்சிருப்பாரு. பேரு தணிகைவேல். பாகூர்ல ஏரிக்குப் போற ரோட்டுல கடை. சுத்துப்பட்டு ஊர்ல எந்தக் கொல்லை மோட்டாரு எரிஞ்சாலும் அங்கதான் வந்து எறங்கும். வூடு மட்டும் கிருமாம்பாக்கத்துல. நான் இளவரசி. கல்யாணமான நாள்லேந்து அவருக்குக் கையி, எனக்கு வாயி. அப்பிடியே குடித்தனம் ஓடுது.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு செவலைக்கு மாலை கட்ட உக்காந்தாரு. செவலை என் மாடு. எங்க அண்ணன் எனக்குன்னு குடுத்த கன்னுக்குட்டி, வளந்து ரெண்டு ஈத்து போட்டு, இப்போ மூணாவது சினையா நின்னுச்சு. சாமந்தியும் வேப்பிலையும் மாவிலையும் பக்கத்துல கொட்டிக் கெடக்கு, இந்தாளு எரிஞ்ச மோட்டார்லேந்து உருவுன மெல்லிசுக் கம்பிய எடுத்துக் கோக்குறாரு.

"இன்னாங்க இது, மாட்டுக்குப் போய் கம்பில மாலையா? நூலு இல்லையா வூட்டுல?"

"போன வருஷம் நூல்ல கட்டுன. தெரு திரும்பறதுக்குள்ள அறுந்து வுழுந்துச்சா இல்லையா? இது அறுவாது பாரு."

அறுவலதான். ஊரெல்லாம் சுத்தி வந்தும் மாலை அப்பிடியே நின்னுச்சு, அவருக்கு ஒரே பெருமை. மறுநாள் காலைல பாத்தா கழுத்துல மாலையக் காணோம். தீவனத் தொட்டில ரெண்டு மாவிலையும் கொஞ்சம் கம்பியும் மட்டும் கெடந்துச்சு. மீதி எங்க போச்சுன்னு செவலையத்தான் கேக்கணும், அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்குது. நான் கத்துன கத்துல தெருவே வந்து எட்டிப் பாத்துச்சு. "செம்பு மெத்துனு இருக்கும்டீ, சாணியோட வந்துடும்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு கடைக்குப் போய்ட்டாரு.

மாசி மகம் முடிஞ்ச வாரம் செவலை தீனி எடுக்கல. முதுக வில்லாட்டம் தூக்கி வெச்சிக்கினு, முன்னங்கால அகட்டிக்கினு நிக்குது. படுக்க பயப்படுது, படுத்தா எழுந்திரிக்க முனகுது. மாட்டு டாக்டரு ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். நம்ம பக்கத்துப் பொண்ணுதான், படிச்சு டாக்டரா ஆயிடுச்சு. வந்து முதுகுத் தோலை ரெண்டு கையாலயும் கொத்தாப் புடிச்சு இழுத்துச்சு. நல்ல மாடுன்னா முதுக கீழ வளைக்குமாம். செவலை வளைக்கல. உள்ளேந்து ஒரு முனகல்தான் வந்துச்சு.

"கம்பி முழுங்கியிருக்குக்கா," ரோஸ்லின் சொல்லுச்சு. "மாட்டு வயித்துல ரெண்டாவது அறைன்னு ஒண்ணு இருக்கு. கனமான சாமான் எது உள்ள போனாலும் அதுலதான் போய் வுழும். அதுக்கு முன்னால ஒரு சவ்வு, அதுக்கு அப்பால இருதயம். கம்பி குத்தி அந்தப் பக்கம் போய்டுச்சுன்னா நம்ம கையில இல்ல."

இந்தாளு அன்னிக்கு வூட்டுலதான் இருந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் அவரத்தான் பாத்தேன். நான் வாய தெறந்திருந்தா நல்லா இருந்திருக்காது.

ரோஸ்லின் பையிலேந்து ஒரு காந்தத்த எடுத்துச்சு. விரல் நீளம், மழமழன்னு, ரெண்டு முனையும் உருண்டையா இருந்துச்சு. "இத தொண்டைக்குள்ள தள்ளி வுட்டா நேரா அந்த அறையில போய் உக்காந்துக்கும். கம்பிய இழுத்துத் தன்மேல ஒட்ட வெச்சிக்கும், மேல குத்தாது. காந்தம் ஆயுசுக்கும் உள்ளயே கெடக்கும், மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"அது கேக்காதும்மா," இவரு குறுக்க பூந்தாரு. "உள்ள கெடக்கறது செம்பு. நான் கட்டுன மாலை."

சொல்லிட்டு உள்ள ஓடி கம்பித் துண்டு எடுத்தாந்தாரு. அந்தப் பொண்ணு கையிலேந்து காந்தத்த வாங்கி கம்பிகிட்ட வெச்சாரு. கம்பி அசையல. கதவுத் தாப்பாகிட்ட கொண்டு போனாரு, சடக்குனு ஒட்டிக்கிச்சு. "பாத்தீங்களா? காந்தம் இரும்பத்தான் இழுக்கும். செம்ப சீந்தாது." ஆரம்பிச்சா இவரு நிறுத்த மாட்டாரு. மாடு சாவக் கெடக்குது, இந்தாளு பாடம் நடத்துறாரு. "அதே காந்தம் செப்புச் சுருள் பக்கத்துல சுத்திக்கினே இருந்துச்சுன்னா கம்பில கரண்டு வந்துடும், அது வேற கதை. சும்மா நிக்குற காந்தத்துக்கு செம்பு இருக்கறதே தெரியாது."

"மாட்டு வயித்துல காந்தம் சுத்தாதுண்ணா. போய் ஒரே எடத்துல படுத்துக்கும்," ரோஸ்லின் சிரிக்காம சொல்லுச்சு. "நீங்க சொல்றது சரிதான், செம்ப இழுக்காது. ஆனா நான் பாத்த மாட்டுல குத்துனது எல்லாம் இரும்புதான். போகிக்கு இத்தன டயர் கொளுத்துறீங்களே, அதுக்குள்ள இருக்குற மெல்லிசு கம்பி எங்க போவுதுன்னு நெனைக்கிறீங்க? சாம்பலோட சாம்பலா மேய்ச்சல்லதான் கெடக்குது. உங்க கம்பி மெத்துனு மடங்கும். அது குத்தணும்னு இல்ல."

"மடங்குனா முனை வெச்சிக்கும்மா. எனக்குத் தெரியாதா என் கம்பிய? எத்தன தடவ கையில குத்தியிருக்கு. மாலைய தின்னது இது, குத்துறது அந்தக் கம்பி. காந்தத்தப் போட்டுட்டு சும்மா உக்காந்தா நாள்தான் போவும். அறுத்து எடுத்துடலாம்."

அறுக்கறதுன்னா கால்நடைக் கல்லூரிலேந்து டாக்டருங்க வரணும். மாட்ட நிக்க வெச்சே வெலாவுல மரத்துப் போவ ஊசி போட்டு, அறுத்து, கைய வுட்டு எடுக்கணுமாம். ரோஸ்லின் ஒளிக்காம சொல்லிடுச்சு. ஒம்போதாம் மாச சினை, தாயி பொழச்சாலும் கன்னு தங்குமான்னு சொல்ல முடியாது, ரெண்டும் போனாலும் போவும்னு. இந்தாளு கேக்கல. அங்க இங்க போன் போட்டு, யாரையோ புடிச்சு, வர்ற திங்கக்கெழமைக்கு ஏற்பாடு பண்ணிட்டாரு.

எனக்குக் காந்தமும் தெரியாது, செம்பும் தெரியாது. ஆனா என் மாட்டு வெலாவுல கத்தி வெக்கறத நெனச்சா சோறு எறங்கல. கன்னு உள்ள பொரளுறது வெளியேந்து பாத்தாலே தெரியும். அதுக்குப் பக்கத்துல கத்தியா? இவருகிட்ட கெஞ்சியும் பாத்தேன், ஏசியும் பாத்தேன். "தப்பு பண்ணவன் நான், நான்தான் சரி பண்ணணும்"னு ஒரே புடி. தப்பு பண்ணவன் சும்மாவே இருக்க மாட்டான்யா, எதையாவது செஞ்சே தீருவான். அதுதான் எனக்கு பயம்.

மறுநாள் அவரு வண்டி ரோட்டத் தாண்டுனதும் ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். "மாடு என்னுது. சொசைட்டில பாலு ஊத்தறதும் என் பேர்லதான். காந்தத்தக் குடு"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு வந்துச்சு. நான் மூக்கணாங்கயித்த இறுக்கிப் புடிச்சிக்கினேன், ரோஸ்லின் கைய வுட்டு நாக்குக்குப் பின்னால காந்தத்த வெச்சு தள்ளுச்சு. செவலை ஒரு முழுங்கு முழுங்கிட்டு என்ன ஒரு பார்வை பாத்துச்சு. ஊசியும் போட்டுச்சு. முன்னங்காலு ரெண்டும் மேட்டுல நிக்குற மாதிரி மண்ணு கொட்டி வெக்கணும், அப்பதான் கம்பி பின்னால சரியும்னு சொல்லுச்சு. தட்டுல மண்ணு சொமந்து கொட்டி நானே மேடு பண்ணேன்.

"உள்ள போய் சரியா உக்காந்துச்சான்னு எப்பிடிம்மா தெரியும்?"

"காம்பஸ் வெச்சா போதும்க்கா. எடது முன்னங்காலு முட்டிக்குப் பின்னால வெச்சீங்கன்னா ஊசி திரும்பும்."

அத கேட்டதும் எனக்குத் திக்குனு ஆச்சு. இவரு கடையில காம்பஸ் இருக்கு. காயில் கட்டி முடிச்சதும் பேட்டரில கரண்டு வுட்டு, வடக்கு தெக்கு மாறி மாறி சரியா வுழுந்திருக்கான்னு அத வெச்சுதான் பாப்பாரு. ஆனா வூட்டுக்கு எதுக்கு எடுத்தாரப் போறாருன்னு மனச தேத்திக்கினேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் காம்பஸோட வந்து நின்னாரு.

எதுத்த வூட்டு தையலம்மாதான் காரணம். "டாக்டரு காந்தம் குடுக்கறேன்னதாமே, உம் புருஷன் வேணாம்னு கத்தி வெக்கச் சொல்றாராமே, இன்னா மனுஷன்டி"ன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்காங்க. அது இவரு காதுக்குப் போய்டுச்சு. ரோஷம் வந்துடுச்சு. "எல்லாரும் வாங்க. உள்ள இரும்பு இருந்தா ஊசி திரும்பும். திரும்பலன்னா செம்பு. நாளைக்கு அறுக்கறதப் பத்தி எவனும் பேசக்கூடாது"ன்னு மாட்டுக் கொட்டாய் வாசல்ல நின்னு கூப்புடுறாரு. ஞாயித்துக்கெழமை, யாருக்கும் வேல இல்ல. தையலம்மா முந்தானைய இழுத்துச் சொருவிக்கினு முன்னால வந்து நின்னுக்கிச்சு.

மொதல்ல காம்பஸ கைல வெச்சு எல்லாருக்கும் காட்டுனாரு. செவப்பு முனை வடக்கப் பாத்து நின்னுச்சு. அப்புறம் செவலை எடது பக்கமா குந்தினாரு. நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன், இன்னான்னு வேண்டிக்கினேன்னு எனக்கே வெளங்கல. காந்தம் உள்ள இருக்கணும்னா, இருக்கக்கூடாதுன்னா? இருந்தா மாடு பொழைக்கும், நான் மாட்டிக்குவேன்.

காம்பஸ கிட்ட கொண்டு போனதுதான். ஊசி கிறுகிறுன்னு சுத்தி மாட்டு வயித்தப் பாத்து நின்னுடுச்சு.

"இரும்புடோய்!"னு ஒருத்தன் கத்துனான். ஒரே சிரிப்பு. "தணிகை, உன் கம்பி எப்போய்யா இரும்பா மாறுச்சு?"ன்னு இன்னொருத்தன். தையலம்மா மூஞ்சில அப்பிடி ஒரு சந்தோஷம். அந்தக் கேள்விய நானே கேட்டிருந்தாக்கூட அவ்வளோ சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

இவரு எழுந்திரிக்கல. காம்பஸ கொஞ்சம் முன்னால நகத்துனாரு. அப்புறம் பின்னால நகத்துனாரு. திரும்ப முன்னால. ஒரு எடத்துல செவப்பு முனை வயித்தப் பாத்து ஓடுச்சு, இன்னொரு எடத்துல அதே முனை வெடுக்குனு அந்தாண்ட திரும்பிக்கிச்சு. இன்னா பாக்கறாருன்னு எனக்கு அப்போ புரியல. தலைய தூக்கி என்னப் பாத்தாரு. நான் தண்ணி வாளிய பாத்துக்கினு நின்னேன்.

எழுந்து லுங்கிய தட்டுனாரு. "ஆமா, இரும்புதான். நான் சொன்னது தப்பு"ன்னாரு.

அவ்வளோதான். எதுத்துப் பேசல, வெளக்கம் சொல்லல. இந்தாளு தப்புன்னு ஒத்துக்கினத கல்யாணமாகி அன்னிக்குதான் காதால கேட்டேன். அங்கயே நின்னு போன் போட்டு, திங்கக்கெழமை வர வேணாம்னு கல்லூரி டாக்டருங்ககிட்ட சொன்னாரு. கூட்டம் கலைஞ்சதும் எங்கிட்ட வந்து, "ரோஸ்லின் நாளைக்கு வந்து காந்தம் குடுக்கும். எனக்குக் கடையில வேல இருக்கு, நீயே பாத்துக்க"ன்னாரு. தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்.

எங்க தப்பிச்சேன்? அதுக்கப்புறம்தான் பேஜாரே ஆரம்பிச்சுது. ஊசி திரும்புனது நான் வுட்ட காந்தத்தால. உள்ள இரும்பு இருக்குன்னு அது சொல்லவே இல்ல. அவரு சொன்ன மாதிரி செம்புதான் குத்துதுன்னா, காந்தம் பக்கத்துலயே படுத்துக்கினு வேடிக்கதான் பாக்கும். அறுத்திருந்தா ஒருவேளை பொழச்சிருக்கும். அத நிறுத்துனது நானு. ஏமாத்தி நிறுத்துனேன். செவலை செத்தா கன்னோட சேத்து ரெண்டு உசுரு, யாருகிட்டயும் சொல்லக்கூட முடியாது.

செவலை தீனி எடுக்கல. கஞ்சித்தண்ணி காட்டுனா மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது. நான் போறதும் வர்றதும் முதுகு வளைஞ்சிருக்கான்னு பாக்கறதும்தான். கண்ண மூடுனா அந்த முனகல் கேக்குற மாதிரியே இருக்கும். இந்தாளு நிம்மதியா கொறட்ட வுட்டுத் தூங்கறாரு. காலைல எழுந்து பல்ல வெளக்கிட்டு, செவலை நெத்திய ஒரு தடவு தடவிட்டு, கடைக்குப் போறாரு. உள்ள கெடக்கறது இரும்பு, காந்தம் இழுத்துக்கும்னு நம்பிட்டாரு, அதான் இவ்வளோ தைரியம்னு நெனச்சேன். பாவமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல தையலம்மா வேற. "ஏண்டி, காந்தம் வெச்ச மாட்டுப் பால்ல ஷாக் அடிக்காது?"ன்னு ஊரக் கூட்டுனாங்க. இவரு சாயங்காலம் அவங்கள நிக்க வெச்சு, காந்தம் சுத்தணும், பக்கத்துல சுருள் இருக்கணும், அப்பதான் கரண்டுன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. "அப்போ மாடு ஓடுனா?"ன்னு கேட்டாங்க தையலம்மா. அவரு தலைல கைய வெச்சிக்கினாரு. எனக்கு சிரிக்கக்கூட தெம்பு இல்ல.

ஒருநா காலைல சாணி அள்ளப் போவசொல்ல, வைக்கோல் இழுக்குற சத்தம் கேட்டுச்சு. செவலை வைக்கோல்போர்லேந்து ஒரு வாய் இழுத்து மென்னுக்கினு இருந்துச்சு. தட்ட போட்டுட்டு அப்பிடியே அது கழுத்தக் கட்டிக்கினு அழுதேன். யாரு பாத்தா இன்னா. கொஞ்சம் கொஞ்சமா முதுகு நிமுந்துச்சு. ரோஸ்லின் வந்து முதுகுத் தோல புடிச்சு இழுத்துச்சு, இந்தவாட்டி செவலை கீழ வளைச்சுது. காந்தம் எதப் புடிச்சு வெச்சிருக்குன்னு மாட்டத் தெறந்து பாத்தாத்தான் தெரியும், யாரும் தெறக்கப் போறதில்லன்னு சொல்லிட்டுப் போச்சு.

பங்குனில கன்னு போட்டுச்சு. கெடேரி, பொட்டக்கன்னு. நல்ல வெயில் நேரம், இவரும் வூட்டுல இருந்தாரு. கன்னு மூக்குல இருந்த வழவழப்ப எல்லாம் துணியால தொடச்சு வுட்டுட்டு, செவலை நக்குறத பாத்துக்கினு ரெண்டு பேரும் கொட்டாய்லயே உக்காந்துட்டோம். இனிமேலும் வாய மூடிக்கினு இருந்தா நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்துச்சு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காம்பஸ் வெச்சீங்களே, அதுக்கு முன்னாலயே..."

"காந்தம் குடுத்துட்ட. தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ரோஸ்லின் சொல்லிடுச்சா?"

"அத நான் கேக்கவே இல்ல. ஊசியே சொல்லிடுச்சு." தரைல குச்சியால கோடு போட்டுக் காட்டுனாரு, எல்லாத்தையும் போட்டுத்தான் காட்டணும் இவருக்கு. "இரும்புன்னா ஊசியோட எந்த முனைய காட்டுனாலும் இழுக்கும். தள்ளாது. தள்ளுறது இன்னொரு காந்தம் மட்டும்தான். செவப்பு முனைய ஒரு பக்கம் இழுத்துச்சு, ஒரு பக்கம் தள்ளி வுட்டுச்சு. உள்ள காந்தம் கெடக்குதுன்னு அங்கயே புரிஞ்சுபோச்சு."

"அப்போ இரும்பு இருக்குன்னு ஊசி சொல்லவே இல்லன்னு உங்களுக்கும் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு தெரு முன்னால தப்புன்னு ஒத்துக்கினீங்க? எதுக்கு அறுக்க வேணாம்னீங்க?"

குச்சிய தூரப் போட்டாரு. கன்னு எழுந்திரிக்கப் பாத்து வுழுந்துச்சு, திரும்ப எழுந்துச்சு.

"அறுக்கணும்னு சொல்லிட்டேனே தவிர, எனக்கே பயமாதான் இருந்துச்சு இளவரசி. அறுத்து செத்திருந்தா, கம்பில கோத்ததும் நானு, கத்தி வெக்கச் சொன்னதும் நானு. புடிச்ச புடிய வுடவும் முடியல, அதுல நிக்கவும் முடியல. அப்போ அந்த ஊசி தள்ளுச்சு பாரு. அட, இவளும் இதுல கைய வெச்சுட்டாடான்னு தெரிஞ்சுது. இனிமே இன்னா ஆனாலும் ரெண்டு பேரும் சேந்துதான். பொழச்சாலும் சேந்து, செத்தாலும் சேந்து. அன்னிக்குதான் நான் நல்லா தூங்குனேன்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், கன்னு தொடச்ச துணிய எடுத்து அவரு மூஞ்சிலயே வீசுனேன்.

"யோவ்! அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் தூங்கியிருப்பேன்ல?"